பேட்டி படிக்கிற அஃப்சருன்னிசா

"இரு, இரு. தோ, இங்கதான். தொப்பியத் தொட்டான் பாத்தியா?"

வாசலில் நின்ற ஆட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டே தையல் மெஷினின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, பாபின் டப்பாவில் சாய்த்து வைத்திருந்த கைபேசியில் படத்தைப் பின்னுக்குத் தள்ளினார் அஃப்சருன்னிசா. அணியை நடத்துகிற நரைத்த தாடிக்கார மேனேஜர் ஒருவர் சூயிங்கம் மென்றுகொண்டே திரையில் மறுபடி பேசத் தொடங்கினார். நிருபர் கேள்வி கேட்டார். மேனேஜர் தொப்பியின் நுனியை இரண்டு விரலால் ஒரு இழுப்பு இழுத்தார், பிறகு பதில் சொன்னார். "பொய்" என்று தீர்ப்பெழுதிவிட்டு அஃப்சருன்னிசா மறுபடி மிதியை அழுத்தினார். ஊதா ப்ளவுஸின் இடது கை விட்ட இடத்திலிருந்து ஓடியது.

மணி காலை ஏழு. மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் எட்டடிக்குப் பத்தடி கடை, 'நிசா லேடீஸ் டெய்லர்' என்று பலகை. ஊரில் எந்த டெய்லரும் பத்து மணிக்கு முன்னால் ஷட்டரைத் தூக்குவதில்லை. இந்த அம்மா மட்டும் ஏழு மணிக்கே தூக்கிவிடுவதைப் பார்த்து, "என்ன ஒரு உழைப்பு!" என்று காய்கறி வாங்கப் போகிறவர்கள் மூக்கில் விரல் வைப்பார்கள். உழைப்பாவது ஒன்றாவது! அமெரிக்காவின் மேற்குக் கரையில் ராத்திரி ஆட்டம் தொடங்கினால் நமக்குக் காலை ஏழு நாற்பது. அதற்கு முன்னால் மேனேஜரின் பேட்டியைப் பார்த்து முடிக்க வேண்டும். கடை சீக்கிரம் திறக்கிற ரகசியம் அவ்வளவுதான்.

ஆட்டம் பேஸ்பால். அணிக்கு 'சீ லயன்ஸ்' என்று பெயர். சந்துக்கு அது கடல்சிங்கம். முப்பது வருஷமாகக் கோப்பையைக் கண்ணால் பார்க்காத சிங்கம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அஃப்சருன்னிசாவுக்கு அதில் துளியும் வெட்கம் கிடையாது. "ஜெயிக்கிற டீமுக்கு எவன் வேணாலும் கை தட்டுவான். தோத்துக்கினே கீறவனுக்குத்தான் ஆளு வோணும்" என்பார்.

மந்தைவெளிக்காரிக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. சம்பந்தம் ஒன்பது வருஷ சம்பந்தம். இந்தக் கடை போடுவதற்கு முன் அவர் பெருங்குடிப் பக்கம் ஒரு கால் சென்டரில் வேலை பார்த்தார். அமெரிக்கக் கேபிள் டி.வி. கம்பெனி ஒன்றுக்கு அங்கிருந்துதான் பதில் சொல்வார்கள். அவர் பேசிய ஊர் அந்தக் கடல்சிங்கத்தின் ஊர். அங்கே அவருக்கு நான்சி என்று பெயர். கேபிளும் சரியாக ஆட்டம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்துத்தான் அறுந்துபோகும். கடைசி இன்னிங்ஸ், ஆடுகளத்தின் மூன்று மூலையிலும் ஓடத் தயாராக ஆள் நிற்கிறது, மட்டையைத் தூக்குகிறான், படம் போச்சு! அத்தனை பேரும் நான்சியைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். மன்னியுங்கள் சார், இதோ சார், இரண்டே நிமிஷம் சார் என்று எழுதிக் கொடுத்ததை ஒப்பித்துக்கொண்டே பக்கத்துத் திரையில் ஸ்கோரைத் தேடிச் சொன்னால் ஆள் கொஞ்சம் தணிவான். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் ஆட்டம் பிடிபட்டது. வசவு கேட்டே ஒரு விளையாட்டைக் கரைத்துக் குடித்தவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஒரு குறை மட்டும் உண்டு. அந்த ஒன்பது வருஷத்தில் ஒரு பிரகஸ்பதிகூட, "நீ என்ன நினைக்கிறாய் நான்சி?" என்று கேட்டதில்லை. நான்சிக்கோ சொல்ல எவ்வளவோ இருந்தது. பந்து வீசுகிறவனைச் சீக்கிரம் மாற்றியிருக்க வேண்டும், மேனேஜருக்கு மண்டையில் ஒன்றும் இல்லை என்றெல்லாம் நாக்கு நுனிவரை வரும். வாயைத் திறந்தால் வேலை போய்விடும். ஒன்பது வருஷமாக விழுங்கியதை எல்லாம்தான் இப்போது எட்டு வருஷமாகச் சந்தே அதிரும்படி பேசிக்கொண்டிருக்கிறார்.

பேச்சுக்கு ஆள் வேண்டுமே. இரண்டு பேர் அமைந்தார்கள். முதல் ஆள் கதிரேசன். ஆட்டோ ஓட்டுகிறவர், முப்பத்தைந்து வயது, சந்து முனையில்தான் ஸ்டாண்டு. மெட்ரோ வேலைக்காகத் தெருவெல்லாம் தகரம் அடித்துவிட்டதால் சவாரி குறைந்து, கடையிலிருந்து வருகிற கூச்சலுக்குக் காது கொடுக்க ஆரம்பித்தார். என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தவர், வருஷத்துக்கு நூற்றறுபத்திரண்டு ஆட்டம் என்று கேட்டதும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். "தெனிக்குமா யக்கா? செவ்வாக்கெயமகூடவா?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, அன்றைக்கே கடல்சிங்கத்தில் சேர்ந்துவிட்டார்.

இரண்டாவது ஆள் குருபிரசாத். மயிலாப்பூர்க்காரர், இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ரிடையர் ஆனவர். மனைவியின் ப்ளவுஸ் கை இறுக்கம் என்று சண்டை போட வந்தவர், அங்கே ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல டிரா உண்டோ?" என்று கேட்டார். கிடையாது, ஒருத்தன் ஜெயிக்கிறவரை ஆடியே தீர வேண்டும் என்றார் அஃப்சருன்னிசா. "பேஷ்! அஞ்சு நாள் உக்காந்து பாத்துட்டு டிரான்னு எழுந்து போன கோபம் எனக்கு இன்னும் இருக்கு" என்று சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். ப்ளவுஸ் கை ஒரு மாசம் கழித்துத்தான் பிரித்துத் தைக்கப்பட்டது. அதுவரை அவர் ஆத்தில் என்ன சொல்லிச் சமாளித்தார் என்று தெரியவில்லை.

ஆட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அஃப்சருன்னிசாவின் கெட்டிக்காரத்தனம் எல்லாம் பேட்டியில்தான். "மேட்ச்ச பாத்தா யாரு ஜெயிச்சான்னுதான் தெரியும். பேட்டிய பாத்தாதான் யாரு இருப்பான், யாரு கெளம்புவான்னு தெரியும்" என்பார். "மூஞ்சியே பாக்காம ஒம்போது வருசம் கொரல மட்டும் கேட்டவ நானு. மூச்ச வச்சே சொல்லுவேன், எவன் பில்லு கட்டல, எவன் பொண்டாட்டியாண்ட சண்ட போட்டுக்கினு வந்து நம்மகிட்ட கத்தறான்னு."

ஒரு ஆட்டக்காரனைப் பற்றி மேனேஜர் 'அவன் எங்க ஆளு' என்று ஒரு தடவை சொன்னால் நம்பலாம், மூன்று தடவை சொன்னால் அவனை விற்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு நாளாகத்தான் பார்க்கிறேன், இன்றைய ஆட்டத்தைத்தான் யோசிக்கிறேன் என்று ஆட்டக்காரன் சொன்னால் மனசில் ஏதோ ஓடுகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. புல் சரியில்லை, சாப்பாடு சரியில்லை, டிராஃபிக் தாங்கவில்லை என்று குறை சொல்கிறவன் எங்கேயும் போக மாட்டான். ஊருக்கும் ஜனங்களுக்கும் நன்றி சொல்ல ஆரம்பித்தவன் பெட்டி கட்டிவிட்டான். போன வருஷம் இப்படி ஒன்பது பேரைப் பற்றி ஆரூடம் சொன்னதில் ஏழு பலித்தது. கதிரேசன் இதை ஸ்டாண்டு முழுக்கப் பரப்பினார். எதைப் பற்றிப் பேசுகிறார் என்று அங்கே ஒருவருக்கும் புரியவில்லை, ஆனாலும் ஒன்பதுக்கு ஏழு என்றதும் மரியாதை வந்துவிட்டது.

இந்த வருஷம் ஜூலை பிறந்ததும் வதந்திகள் கிளம்பின. அந்த ஊர்ப் பழக்கம் அப்படி. சீசன் பாதியைத் தாண்டியதும் தோற்கிற அணி தன் நல்ல ஆட்டக்காரனை ஜெயிக்கிற அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இரண்டு மூன்று சின்னப் பையன்களை வாங்கிக்கொள்ளும். மாசக் கடைசியோடு அந்தச் சந்தை மூடிவிடும், அதற்குப் பிறகு கொடுக்கல் வாங்கல் கிடையாது. கடல்சிங்கத்தில் கொடுக்கிற மாதிரி இருந்த ஒரே ஆள் ஒர்டாஸ். இரண்டாம் மூலைக்கும் மூன்றாம் மூலைக்கும் நடுவில் நிற்கிற ஷார்ட்ஸ்டாப். பந்து எங்கே போனாலும் பாய்ந்து விழுந்து பிடித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பான். அஃப்சருன்னிசாவுக்கு அவன்மேல் சொந்தத் தம்பிமேல் இருக்கிற பாசம். கிழக்குக் கரை அணி ஒன்று அவனைக் கேட்கிறது என்று தினமும் செய்தி வந்தது.

மூவரும் அவன் பேட்டி ஒன்று விடாமல் பார்த்தார்கள். ஒரு நாள் கண் சிவந்து வந்து உட்கார்ந்தவன், மைதானத்து விளக்கு கண்ணைக் கூசுகிறது, மாற்றச் சொல்லி எத்தனை தடவை சொல்வது என்று எரிந்து விழுந்தான். அஃப்சருன்னிசா கை தட்டிச் சிரித்தார். "லைட்டு கூசுதாம்! கொற சொல்றான் பாரு. எங்கியும் போவ மாட்டான், எழுதி வச்சிக்கோ." குருபிரசாத் உண்மையாகவே டைரியில் எழுதி வைத்துக்கொண்டார்.

அதே ஜூலையில் மந்தைவெளியிலும் ஒரு வதந்தி. நிசா டெய்லர் தி.நகருக்குப் போகிறாராம்!

கிளப்பிவிட்டவர் அஃப்சருன்னிசாவின் கணவர் கரீமுல்லா. ஃப்ரிட்ஜ் மெக்கானிக், தங்கமான மனிதர், ஆனால் அவர் வயிற்றில் ஒரு ரகசியம் அரை மணி நேரம்கூடத் தங்காது. காலையில் வீட்டில் பேசியது மத்தியானத்துக்குள் மூன்று தெருவைத் தாண்டிவிட்டது. விஷயம் இதுதான். பாண்டி பஜார் பக்கம் பெரிய ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஆனந்தகுமார், திருநெல்வேலிக்காரர், ஒரு கல்யாணத்தில் யாரோ போட்டிருந்த ப்ளவுஸின் வெட்டைப் பார்த்து அசந்துபோய், விசாரித்துக்கொண்டு சந்துக்கே வந்துவிட்டார். வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, "அக்கா, நம்ம கடைக்குக் கட்டிங் மாஸ்டரா வந்துருங்க. பன்னெண்டு பேரு தைக்காங்க, வெட்டுறதுக்கு உங்க கை மாதிரி ஒரு கை இல்ல. ஒண்ணாந்தேதி காலைல போன் பண்ணுதேன், நல்ல பதிலா சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கட்டிங் மாஸ்டர்! தையல் தொழில் தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். பெண்கள் தைப்பார்கள், கொக்கி கட்டுவார்கள், எம்பிராய்டரி போடுவார்கள். பெரிய கடைகளில் துணியை வெட்டுகிறவர் மட்டும் பெரும்பாலும் ஆணாகத்தான் இருப்பார், அவரைத்தான் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். பன்னிரண்டு பேர் தன்னை மாஸ்டர் என்று கூப்பிடுவதை நினைத்து அஃப்சருன்னிசாவுக்கு உடம்பு புல்லரித்தது. ஏ.சி. ஹால், ஞாயிறு லீவு, நிரந்தரச் சம்பளம் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆசையாக இருந்தது, ரொம்ப ஆசையாக இருந்தது. அதே சமயம், காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கியதும் குருபிரசாத்தின் ஸ்டூலைத்தான் முதலில் பார்த்தார். கரீமுல்லா, "உன் இஷ்டம்மா. நீ எங்க இருந்தாலும் எனக்கு டிபன் பாக்ஸு ஒன்னுதான்" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு மனிதர் இவ்வளவு நல்லவராக இருந்தால் அதுவும் எரிச்சல்தான்.

கதிரேசன் நேராகவே கேட்டுவிட்டார். "யக்கா, டி.நகர் போறியாமே?"

அஃப்சருன்னிசா தலையைத் தூக்காமல், "நா இன்னிக்கு இந்த ப்ளவுஸ பத்திதான் யோசிச்சிக்கினு கீறேன்" என்றார்.

குருபிரசாத் கதிரேசனின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். "கேட்டியோ? அப்படியே அவா சொல்ற மாதிரியே சொல்றா! மனசுல என்னமோ ஓடிண்டிருக்கு."

அன்றிலிருந்து அஃப்சருன்னிசாவின் வித்தையை அவர் மேலேயே காட்டத் தொடங்கினார்கள் இரண்டு பேரும். அவர் என்ன சொன்னார், எப்போது பெருமூச்சு விட்டார், டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து எத்தனை தடவை மறுபடி போட்டுக்கொண்டார் என்று பக்கத்து டீக்கடையில் நின்று அலசினார்கள். திங்கட்கிழமை, "நல்ல சந்துடா இது, காத்து சோக்கா வருது" என்றார். சாக்கடை நாற்றத்துக்கு எட்டு வருஷமாகக் கார்ப்பரேஷனைத் திட்டியவர்! புதன்கிழமை தண்ணீர் கேன் போடுகிறவரிடம் சிரித்துப் பேசினார். வியாழக்கிழமைதான் இடி விழுந்தது. கதிரேசன் வழக்கம்போல டீ வாங்கி வந்து வைத்தார். அஃப்சருன்னிசா ஒரு வாய் குடித்துவிட்டு, "தேங்க்ஸ்டா கதிரு" என்றார்.

இத்தனை வருஷத்தில் ஒரு தேங்க்ஸ் கிடையாது. சக்கரை தூக்கல், ஆறிப்போச்சு, கிளாஸ் கலீஜ் என்று ஏதாவது ஒரு அர்ச்சனைதான் இதுவரை கிடைத்திருக்கிறது. கதிரேசனுக்கு முகம் செத்துவிட்டது. ஆட்டோவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, கை காட்டி நிறுத்திய சவாரியைக்கூட வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்து அவர் மனைவி செண்பகம், "யாருக்கு இன்னா ஆச்சு?" என்று பதறிப்போனாள். "அப்சரக்கா எனக்குத் தேங்க்ஸ் சொல்லிட்ச்சி" என்றார் கதிரேசன். செண்பகம் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

குருபிரசாத் அதற்குள் மேற்கு மாம்பலத்தில் வேறு ஒரு டெய்லரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அந்தக் குற்றத்தை அவரால் ஒரு நாள்கூட மறைக்க முடியவில்லை. "மாமி நச்சரிச்சாளேன்னு போனேன். அங்க எஃப்.எம். போட்டுண்டு யாரோடயும் பேசாம தைக்கறார். நேக்குப் பிடிக்கலை, அளவு ப்ளவுஸைத் திருப்பி வாங்கிண்டு வந்துட்டேன்" என்று கதிரேசனிடம் ஒப்புக்கொண்டார்.

ஆகஸ்ட் முதல் தேதி வந்தது. அமெரிக்காவில் அப்போதுதான் ஜூலை கடைசி நாளின் மாலை, கொடுக்கல் வாங்கல் முடிந்து சில மணி நேரம் ஆகியிருந்தது. இந்த நாளுக்கென்று கடையில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் செய்தி பார்க்கக் கூடாது. வந்ததும் அவரவர் கைபேசியைக் கொக்கி டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும். ஏழு நாற்பதுக்கு ஆட்டம் தொடங்கும்போது எடுத்து, மைதானத்துக்குள் யார் ஓடி வருகிறார்கள் என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும். வந்தால் இருக்கிறான், வராவிட்டால் போய்விட்டான். "பேப்பர்காரன் சொல்லி நா எதுக்குத் தெரிஞ்சிக்கணும்?" என்பது அஃப்சருன்னிசாவின் நியாயம்.

ஆடி மாசம் என்பதால் தெருமுனை அம்மன் கோயில் ஒலிபெருக்கி விடிவதற்கு முன்பே தொடங்கியிருந்தது. மூவரும் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் ஒர்டாஸைப் பற்றியும் கவலைப்பட்டார்கள், எதிரே மெஷினில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றியும் கவலைப்பட்டார்கள். அஃப்சருன்னிசாவுக்கும் இரட்டைக் கவலைதான். ஆனந்தகுமாரின் போன் இன்றைக்கு வரும், என்ன சொல்லப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது.

ஏழு நாற்பது. டப்பா திறந்தது. கடல்சிங்கங்கள் வரிசையாக ஓடி வந்தன. இரண்டாம் மூலைக்கும் மூன்றாம் மூலைக்கும் நடுவில் யாரோ ஒரு புதுப்பையன் வந்து நின்று காலால் மண்ணைக் கீறினான். மீசைகூட முளைக்கவில்லை.

"போய்ட்டான்" என்றார் கதிரேசன்.

அஃப்சருன்னிசா ஒர்டாஸின் கடைசிப் பேட்டியைத் தேடி எடுத்தார். விமான நிலையம், தோளில் பை, இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாமல் குரல் உடைந்துபோனது. அழுதுவிட்டான். அவர் அதை இரண்டு தடவை பார்த்தார். பிறகு போன வாரத்துப் பேட்டியையும் பார்த்தார், அந்த விளக்குப் பேட்டியை.

"தப்பு என்னுதுதான்" என்றார். "நா வாயப் பாத்தேன், கண்ணப் பாக்கல. லைட்டும் கூசல, ஒன்னும் கூசல. அன்னிக்கே அழுதுட்டு வந்துதான் குந்திக்கினு கீறான் பாவம். கண்ணு செவந்ததுக்குச் சாக்கு சொல்லிக்கினு இருந்தான். போவறதுக்கு அவனுக்கு மனசில்ல கதிரு." சொல்லும்போதே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "போவட்டும். அங்க கோப்ப கெடைக்கும். நல்லா இருக்கட்டும்."

நல்ல இடம் கிடைத்தால் போவதுதான் நியாயம் என்று இவரே சொல்லிவிட்டாரே! குருபிரசாத் டைரியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அப்போது போன் அடித்தது. ஆட்டம் ஓடிக்கொண்டிருந்த அதே கைபேசியில் ஆனந்தகுமார் என்று பெயர் வந்தது. அஃப்சருன்னிசா அதைக் காதில் வைத்துக்கொண்டார். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் மற்றவர்களுக்குக் கேட்டது.

"சொல்லுங்க சார்... நல்லா கீறேன் சார்... ரொம்ப தேங்க்ஸ் சார். இம்மாந்தூரம் வந்து, இந்த ஸ்டூல்ல குந்தி, மாஸ்டரா வான்னு கூப்ட்டீங்க பாருங்க. சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். ரொம்ப ரொம்ப தேங்க்ஸ்."

இரண்டு தேங்க்ஸ். கதிரேசன் ஷட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "முடிஞ்சுது" என்று குருபிரசாத் உதட்டை மட்டும் அசைத்தார்.

"ஒன்னே ஒன்னு கேக்கணும் சார். காலைல மேட்ச் போட்டுக்கினே வெட்டலாமா?... கிரிக்கெட் இல்ல சார், இது வேற... சத்தம் வச்சித்தான் சார், நடுவுல நானும் கத்துவேன்... பதினோரு மணிக்கு மேலயா? அதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிடும் சார்." சிரித்தார். "இன்னொன்னும் கீது. என்கூட ரெண்டு பேரு வருவாங்க, பேசறதுக்கு."

அந்தப் பக்கம் ஏதோ பதில் வந்தது. இந்தப் பக்கம் குருபிரசாத் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"புரியுது சார். உங்க மேல தப்பே இல்ல, கடைன்னா ஒரு ஒழுங்கு வோணும். சம்பளமும் கம்மியில்ல சார். மாஸ்டர்னு நாலு பேரு கூப்டணும்னு ஆசதான், நா பொய் சொல்ல மாட்டேன். ஆனா வாயப் பொத்திக்கினு வேல செஞ்சது ஒம்போது வருசம் சார். போதும். இங்க நா பேசறேன், ரெண்டு பேரு எதுத்துப் பேசறாங்க. எனக்கு இது வோணும் சார். நா வரல."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான், இதைத்தான் சொல்ல வேண்டும் என்று இத்தனை நாள் இருந்திருக்கிறோம் என்பது அவருக்கே தெரிந்தது. பெரிய மூட்டையைத் தலையிலிருந்து இறக்கின மாதிரி இருந்தது. ஆனந்தகுமாரும் நல்ல மனிதர், என்றைக்கு வேண்டுமானாலும் வாங்கக்கா என்று சொல்லி வைத்துவிட்டார்.

கதிரேசனுக்கு மூச்சு இப்போதுதான் வந்தது. "யக்கா! தேங்க்ஸ் தேங்க்ஸுன்னு சொல்லிக்கினே போனியே, என் உசுரே பூட்ச்சி!"

"அவருக்குத்தானேடா சொன்னேன்."

குருபிரசாத் தொடையில் தட்டிக்கொண்டார். "அதானே! நன்றி சொன்ன எடத்துலேர்ந்துதானே கெளம்பணும்? தி.நகர்லேர்ந்துதான் கெளம்பிட்டேள்! நாங்கதான் தப்பா படிச்சுட்டோம்." பிறகு குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் கூச்சத்தோடு, "மாஸ்டர், ஸ்கோர் என்ன ஆச்சு?" என்றார்.

"இன்னா சார், கிண்டலா?" என்று அஃப்சருன்னிசா முறைத்தார். முறைப்பு நிற்கவில்லை, வாயெல்லாம் பல்.

கைபேசி மறுபடி பாபின் டப்பாவில் சாய்ந்தது. பந்து தரையோடு தரையாகச் சீறி வந்தது. அந்த மீசை முளைக்காத பையன் பக்கவாட்டில் பாய்ந்தான், குப்புற விழுந்தான், எழுந்திருக்காமலே முழங்காலில் நின்று வீசினான். அவுட்! மூவரும் போட்ட கூச்சலில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி ஒரு கணம் தோற்றுப்போனது. "யாருடா இவன்? பேட்டி எதுனா கீதா பாரு, ஊரு பேரு தெரிஞ்சாவணும்" என்று அஃப்சருன்னிசா கதிரேசனை விரட்டினார். கதிரேசன் தன் கைபேசியை டப்பாவிலிருந்து எடுத்துத் தேடத் தொடங்கினார்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஷண்முகப்ரியா வந்து நின்றாள். பக்கத்துத் தெருப் பெண், ஆவணியில் கல்யாணம். கையில் ப்ளவுஸுக்கான அரக்குப் பட்டுத் துணி, அதன்மேல் அளவு ப்ளவுஸ். உள்ளே வரலாமா வேண்டாமா என்று படியிலேயே தயங்கினாள். "அக்கா, நீங்க கடைய மூடிட்டுப் போறீங்கன்னு எங்கம்மா சொன்னாங்க. கல்யாணத்துக்கு நாள் கம்மியா இருக்கு. நீங்க இருப்பீங்கன்னா குடுக்கறேன், இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற எங்கயாவது..."

அஃப்சருன்னிசா அவள் கையிலிருந்த பட்டை வாங்கினார். மேஜைமேல் கிடந்த ஊதா ப்ளவுஸை ஒதுக்கிவிட்டு அதை நீளமாக விரித்தார், உள்ளங்கையால் ஒரு தடவை நீவினார், அளவு ப்ளவுஸை மடித்து மேலே வைத்துச் சாக்பீஸால் நான்கு கோடு போட்டார். ஷண்முகப்ரியா இன்னும் படியில்தான் நின்றுகொண்டிருந்தாள். கத்தரிக்கோலை எடுத்துப் பட்டின் விளிம்பில் வைத்து, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக வெட்டினார்.